ஹெலிகாப்டர் ஓட்டுகிறவருக்கு எதற்காகப் பதக்கம் தருகிறார்கள்?

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஏரல் பக்கம் பாட்டி வீட்டில் மாட்டிக்கொண்டு, மாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ராணுவ ஹெலிகாப்டர் பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. வீட்டில் மாமா, "பைலட் ஆகணும்னா ஃபைட்டர் பைலட் ஆகு, ஹெலிகாப்டர்னா வானத்துல டிரைவர் வேலை, பதக்கமும் வராது பெரிய பதவியும் வராது" என்கிறாராம். "அண்ணாச்சி, பதக்கம் வாங்கின ஒரு ஹெலிகாப்டர் பைலட்டோட சர்வீஸ் நிஜத்துல எப்படி இருக்கும்? எதுக்குப் பதக்கம் தர்றாங்க?" என்பது கேள்வி.

தம்பி, நான் பைலட் இல்லை. விமானப்படையில் ஹெலிகாப்டர் யூனிட்களில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறேன். பைலட்கள் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் அந்த இயந்திரத்தோடு இருந்த ஆள் என்ற முறையில் சொல்கிறேன். மாமா சொன்ன இரண்டுமே சரியில்லை. பதக்கம் நிறையவே வந்திருக்கிறது, பதவியும் உச்சி வரைக்கும் போயிருக்கிறது.

அதற்கு ஒரே ஆளின் சர்வீஸைச் சொன்னால் போதும். ஏர் சீஃப் மார்ஷல் ஃபாலி ஹோமி மேஜர். 1947-ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். 1967 டிசம்பர் 31 அன்று விமானப்படையில் கமிஷன் பெற்றார், அதாவது அதிகாரியாகச் சேர்ந்தார். 7,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். இலங்கையில் அமைதிப்படை இருந்த காலத்தில் ஹெலிகாப்டர் யூனிட்டுக்குத் தலைமை ஏற்றார் (அந்தப் போரைப் பற்றி நம் ஊரில் பலருக்கும் பல வருத்தங்கள் உண்டு, அதை இங்கே பேசவில்லை). சியாச்சின் பனிமலையில் பறந்ததற்காக வீரத்துக்கான வாயு சேனா பதக்கம் வாங்கினார். 1992-ல் ஒரு மீட்புப் பணிக்காக சௌர்ய சக்ரா. 2004 சுனாமி வந்தபோது டெல்லியில் முப்படைகளின் கூட்டுத் தலைமையகத்தில் இருந்து நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்தார். பிறகு கிழக்கு விமானப்படைக் கட்டளையின் தலைவர். 2007 மார்ச் 31 அன்று இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார், 2009 மே வரை இருந்தார். ஹெலிகாப்டர் பிரிவிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவருக்கு முன் எவரும் வந்ததில்லை என்பதால்தான் மாமா சொல்வது போன்ற பேச்சு அத்தனை வருஷம் ஓடியது, அந்த அளவுக்கு மாமாவைக் குறை சொல்ல முடியாது.

அந்த 1992 சம்பவத்தை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

இமாச்சலப் பிரதேசத்தில் பர்வானூ என்று ஒரு ஊர், சண்டிகரிலிருந்து சிம்லா போகும் வழியில். அங்கே டிம்பர் டிரெயில் என்ற சுற்றுலா விடுதிக்கு ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டி ரோப் கார் போகும். பழனியில் ரோப் கார் பார்த்திருப்பீர்கள், ஆனால் இது ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே, கீழே ஆறு, ஆயிரம் அடிக்கும் மேலே தொங்கிக்கொண்டு போவது. 1992 அக்டோபரில் அதை இழுக்கும் கம்பி அறுந்தது. பெட்டி பின்னோக்கிச் சறுக்கி நடுவழியில் நின்றுவிட்டது. ரோப் காரை இயக்கும் ஊழியர் பதறிப்போய் வெளியே குதித்து இறந்துபோனார். மீதிப் பத்துப் பேர், குழந்தைகூட இருந்தது, அந்தப் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டு இருந்தார்கள்.

உத்தரப் பிரதேசத்தின் சர்சாவாவில் இருந்து விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் போனது. ஓட்டியவர் அப்போது குரூப் கேப்டனாக இருந்த ஃபாலி மேஜர். ராணுவத்தின் பாரா கமாண்டோ பிரிவிலிருந்து மேஜர் ஐவன் ஜோசப் கிராஸ்டோ வந்தார். ஹெலிகாப்டர் பெட்டிக்கு மேலே வந்து நிற்க வேண்டும், கிராஸ்டோ விஞ்ச் (ஹெலிகாப்டரிலிருந்து ஆளை இறக்கி ஏற்றும் கருவி) கம்பியில் இறங்கிப் பெட்டியின் கூரையில் கால் வைக்க வேண்டும், உள்ளே போய் ஒவ்வொருவராகக் கட்டி மேலே அனுப்ப வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான்.

அது எவ்வளவு கஷ்டம் என்று புரிய ஹெலிகாப்டர் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். பைலட்டின் இடது கையில் ஒரு நெம்புகோல், அதைத் தூக்கினால் மேலே சுற்றும் எல்லா இறக்கைகளின் சாய்வும் ஒன்றாகக் கூடி ஹெலிகாப்டர் ஏறும். வலது கையில் இன்னொன்று, முன்னே பின்னே பக்கவாட்டில் போக. காலில் இரண்டு பெடல், வாலைத் திருப்ப. இதில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கெடும். இடது கையைக் கொஞ்சம் தூக்கினாலே மூக்கு ஒரு பக்கம் திரும்பும், அதைப் பெடலில் பிடிக்க வேண்டும், பிடித்தால் உடனே பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அதை வலது கையில் பிடிக்க வேண்டும். விமானம் வேகமாகப் போகும்போது காற்றே அதை ஓரளவுக்கு நேராக வைத்திருக்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது அந்த உதவி கிடையாது. ஹோவர் என்று சொல்வார்களே, வெளியிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே அந்த மனுஷனின் இரண்டு கையும் இரண்டு காலும் ஒரு நொடிகூட ஓயாது.

தரைக்குப் பக்கத்தில் நின்றால் கீழே தள்ளிய காற்று தரையில் மோதி ஒரு மெத்தை மாதிரி தாங்கும், எஞ்சினுக்குச் சுமை குறையும். பள்ளத்தாக்கின் நடுவில் அந்த மெத்தையும் இல்லை. எம்ஐ-17-இன் ரோட்டார், அதாவது மேலே சுற்றும் இறக்கைகள், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை 21 மீட்டருக்கு மேல். அது கீழே தள்ளுகிற காற்று தொங்குகிற பெட்டியை ஆட்டும். உயரத்தைக் கூட்டினால் ஆட்டம் குறையும், ஆனால் விஞ்ச் கம்பியில் தொங்குகிற ஆள் நீளமாக ஊசலாடுவார். குறைத்தால் ரோப் கார் கம்பிகள் பக்கத்தில் வந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு உயரத்தைப் பிடித்து அங்கேயே நிற்க வேண்டும், ஒரு ஆள் ஏற எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், அப்புறம் அடுத்த ஆள்.

இன்னொன்று, பைலட்டுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கதவோரம் படுத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி விஞ்ச்சை இயக்குகிறவர்தான் அவருடைய கண். "முன்னாடி ரெண்டு மீட்டர்... ஒண்ணு... நில்லு... இடது அரை மீட்டர்... நில்லு" என்று இன்டர்காமில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தக் குரலில் பதற்றம் வந்தால் பைலட்டின் கைக்கும் வந்துவிடும். நான் பார்த்த நல்ல விஞ்ச் ஆட்கள் எல்லோரும் வானொலியில் நெல் விலை வாசிக்கிற மாதிரி ஒரே சுருதியில் பேசுவார்கள்.

அன்றைக்கு இருட்டுவதற்குள் எல்லோரையும் எடுக்க முடியவில்லை. ஹெலிகாப்டர் திரும்பிப்போக வேண்டியதாயிற்று. கிராஸ்டோ திரும்பவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்குத் துணையாக அந்தப் பெட்டிக்குள்ளேயே ராத்திரி முழுக்க இருந்தார். மறுநாள் காலை ஹெலிகாப்டர் மறுபடியும் வந்து எல்லோரையும் எடுத்தது. பத்துப் பேரும் பிழைத்தார்கள். மேஜர் கிராஸ்டோவுக்கு கீர்த்தி சக்ரா, ஃபாலி மேஜருக்கு அதற்கு அடுத்த படியான சௌர்ய சக்ரா. பைலட்டைவிடக் கயிற்றில் இறங்கியவருக்கு ஒரு படி மேலே கொடுத்தது மிகச் சரியான தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். ஃபாலி மேஜர் ஓட்டிய ஓட்டம் அசாதாரணமானது, ஆனால் இருட்டில் அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் கிராஸ்டோ.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது, தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய் ரயில் பாதை அந்தரத்தில் தொங்கியது. சாலை வழியாக யாரும் போக முடியவில்லை. அப்போதுதான் விமானப்படை, கடற்படை ஹெலிகாப்டர்கள் வந்தன.

அதில் வந்த பைலட்கள் செய்தது பர்வானூவில் நடந்ததைப் போல நாடு முழுக்கப் பேசப்படவில்லை. ஆனால் வேலை அதே வேலைதான். யோசித்துப் பாருங்கள், ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி பக்கம் மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். வாழைத் தோட்டம் எது, வயல் எது, ரோடு எது என்று தெரியாது. ஒரு இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும் என்றால் பைலட் ஏதாவது ஒரு நிலையான பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பனை மரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கோயில் கோபுரம். கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் தான் நகர்கிற மாதிரித் தோன்றி, இல்லாத நகர்வைத் திருத்தப் போய் நிஜமாகவே நகர்ந்துவிடுவார். ரோட்டார் காற்று தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழுப்பும், அது இன்னும் மோசமாக ஏமாற்றும்.

அப்புறம் கம்பி. ஹெலிகாப்டர் பைலட்டுக்கு மழையைவிட, சில நேரம் துப்பாக்கியைவிட, பயப்பட வேண்டியது மின் கம்பி. மேலே இருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்கே தெரியாது. அதனால் கம்பியைத் தேடமாட்டார்கள், கம்பத்தைத் தேடுவார்கள். ஒரு கம்பம் தெரிந்தால் அடுத்தது எங்கே என்று பார்த்து, நடுவில் கோடு இருக்கிறது என்று மனதில் போட்டுக்கொள்வார்கள். வெள்ளத்தில் பாதிக் கம்பங்கள் சாய்ந்து கிடந்தால் அந்தக் கணக்கும் தப்பும்.

சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. உயரத்திலிருந்து போட்டால் பொட்டலம் உடைந்து சோறு தண்ணீரில் போகும். தாழ இறங்கினால் ஓட்டு வீட்டின் ஓடும், மாட்டுக் கொட்டகையின் தகரமும் பறந்து கீழே நிற்கிறவர் மேலேயே விழும், அல்லது மேலே எழும்பி ரோட்டாரில் சிக்கும். அதனால்தான் சில வீடுகளுக்கு மேலே வந்துவிட்டு ஹெலிகாப்டர் விலகிப் போனது. "எங்களைப் பார்த்துட்டும் போயிட்டாங்க" என்று அப்போது பலர் மனசு வெதும்பிச் சொன்னதைக் கேட்டேன். அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்தக் கோபம் நியாயம். ஆனால் பைலட் விலகியதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த வீட்டுக் கூரையாகத்தான் இருக்கும்.

இதைச் சொன்னதால் ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் மாடிக்கு மேலே வந்தால் பாய், போர்வை, பிளாஸ்டிக் ஷீட், தண்ணீர்த் தொட்டி மூடி எல்லாவற்றையும் உள்ளே தள்ளுங்கள். கம்பி இறங்கி வரும்போது கொக்கி தரையைத் தொடும் முன் கையால் பிடிக்காதீர்கள், பறக்கிற ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், தூக்கி அடிக்கும். அக்குளுக்குக் கீழே பட்டையை மாட்டித் தூக்கும்போது இரண்டு கையையும் கீழேயே அழுத்தி வைக்க வேண்டும். பயத்தில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்கத்தான் தோன்றும், அப்படித் தூக்கினால் பட்டையிலிருந்து உருவி விழுந்துவிடுவோம். கைக்குழந்தையைத் தாய் தானாகத் தூக்கிக்கொண்டு ஏறக்கூடாது, இறங்கி வந்த வீரரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தாயிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது இறங்கி வந்தவருக்குப் பெரிய போராட்டம்.

சரி, பதக்கம். இந்த வேலைக்குப் பதக்கம் வாங்கியவர்கள் சிலரைச் சொல்கிறேன். விங் கமாண்டர் தீபிகா மிஸ்ரா, 2021 ஆகஸ்டில் மத்தியப் பிரதேச வெள்ளத்தில் தாழ்வாக ஹோவர் செய்தும் விஞ்ச் போட்டும் 47 உயிர்களைக் காப்பாற்றினார். அதற்காக வீரத்துக்கான வாயு சேனா பதக்கம், விமானப்படையில் வீரப் பதக்கம் பெற்ற முதல் பெண் அதிகாரி அவர்தான். உங்கள் வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். 2018 கேரள வெள்ளத்தில் கடற்படையின் கேப்டன் பி. ராஜ்குமார், 2017 ஒக்கி புயல் மீட்புக்காக சௌர்ய சக்ரா பெற்றவர், சீ கிங் ஹெலிகாப்டரைச் சுற்றிலும் மரமும் வீடும் நெருக்கிய இடத்தில் நிறுத்தி ஒரே மாடியிலிருந்து 26 பேரை மேலே ஏற்றினார். அதே வெள்ளத்தில் கமாண்டர் விஜய் வர்மா ஆலுவா பக்கம் பனிக்குடம் உடைந்திருந்த நிறைமாதக் கர்ப்பிணியைத் தூக்கிக் கொச்சியில் கடற்படை மருத்துவமனையில் சேர்த்தார், அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டு மாடியில் பெரிய எழுத்தில் நன்றி எழுதியிருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

போர்க்காலப் பதக்கங்கள் வேறு வரிசை: பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. அமைதிக்காலத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. வாயு சேனா பதக்கத்தில் வீரத்துக்கு ஒன்று, கடமைக்கு ஒன்று என்று இரண்டு வகை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 பட்டியலில் பெயர் வரும், செய்தித்தாளில் வாசிக்கும்போது எந்த வகை என்று பார்த்து வாசியுங்கள்.

1971 போரில் குரூப் கேப்டன் சந்தன் சிங் மகா வீர் சக்ரா வாங்கினார். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் பெரிய ஆறுகளின் பாலங்களைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டுப் போன பிறகு, கையில் இருந்த கொஞ்சம் எம்ஐ-4 ஹெலிகாப்டர்களை வைத்துக்கொண்டு சில்ஹெட்டிலும் மேக்னா ஆற்றிலும் சுமார் 3,000 வீரர்களையும் பீரங்கிகளையும் தளவாடங்களையும் அக்கரை சேர்த்தார்கள், ராத்திரியில்கூட. அவரே முன்னால் பறந்து இடம் பார்த்தார், அவர் ஹெலிகாப்டரில் பல தடவை குண்டு பாய்ந்தது. லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங்கின் படை டாக்காவை நோக்கி அவ்வளவு வேகமாகப் போனதில் அந்த ஹெலிகாப்டர்களுக்குப் பெரிய பங்கு.

ஆனால் தம்பி, சர்வீஸ் முழுக்க இப்படி இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். பெரும்பகுதி சுமை தூக்குகிற வேலை. சியாச்சினில் 1984 ஏப்ரலிலிருந்து நம் வீரர்கள் இருக்கிறார்கள். அங்கே மண்ணெண்ணெய், ரேஷன், மருந்து, வீட்டுக் கடிதம் எல்லாம் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். உயர நிலைகளுக்கு சீட்டா என்ற சின்ன ஹெலிகாப்டர், ஒற்றை எஞ்சின், பிரெஞ்சு லாமா ஹெலிகாப்டரை வைத்து நம் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் கட்டியது. 20,000 அடிக்குப் பக்கத்தில் காற்று அவ்வளவு மெல்லியது, எஞ்சின் திணறும், இறக்கை பிடிப்பு இல்லாமல் சுற்றும். சில நிலைகளுக்கு ஒரு தடவை போனால் ஒன்றிரண்டு மண்ணெண்ணெய்க் கேன்தான் கொண்டுபோக முடியும். அதற்காகவே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போவார்கள். இறங்கும் இடம் பனியில் மிதித்துச் சமப்படுத்திய ஒரு சதுரம், அதில் சில நொடிகள் நின்று எஞ்சினை அணைக்காமலே இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். தரையில் அவ்வளவு குளிரில் நாங்கள் கையுறையோடு ஒரு சின்ன நட்டைக்கூடத் திருக முடியாது, கையுறையைக் கழற்றினால் உலோகம் தோலைப் பிடித்துக்கொள்ளும். அந்த நட்டை நம்பித்தான் அவர்கள் ஏறுவார்கள்.

பதக்கப் பட்டியலில் வருகிற ஒரு நாளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பல வருஷங்கள் இருக்கின்றன. ஃபாலி மேஜர் பர்வானூவுக்குப் போனபோது அவர் கமிஷன் பெற்றுக் கிட்டத்தட்ட 25 வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கை அப்படி நின்றது என்றால் யாரும் படம் எடுக்காத அத்தனை சுமைப் பயணங்களில் பழகிய கை அது.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு ஹெலிகாப்டருக்குள் இரண்டாவது பைலட், ஃபிளைட் எஞ்சினியர், ஃபிளைட் கன்னர் என்று குழுவாகத்தான் போகிறார்கள். வெளியில் தெரிகிற பெயர் பெரும்பாலும் கேப்டனுடையது மட்டும். அந்தக் கதவோரம் படுத்திருந்தவரின் பெயரையும் அதே எழுத்தில் போட வேண்டும்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், உங்கள் அம்மா அப்பாவும் இதை வாசிப்பார்கள். கார்கில் போரில் 1999 மே 28 அன்று டோலோலிங் மலைக்கு மேல் ராக்கெட் தாக்குதலுக்குப் போன எம்ஐ-17 ஒன்றை ஏவுகணை வீழ்த்தியது. நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் ஃபிளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன். நான்கு பேருக்கும் மறைவுக்குப் பின் வாயு சேனா பதக்கம். 2013 ஜூன் 25, உத்தராகண்ட் வெள்ளத்தில் மீட்புப் பணியில் இருந்த எம்ஐ-17 கௌரிகுண்ட் பக்கம் விழுந்து 20 பேர் இறந்தார்கள். அதில் பைலட்களில் ஒருவர் மதுரைக்காரர், ஃபிளைட் லெப்டினன்ட் கே. பிரவீன். இளம் வயது. இந்த இரண்டு பெயரையும் நம் தென் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்து எல்லோருக்கும் தெரியும், ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர். சூலூரிலிருந்து கிளம்பிய எம்ஐ-17 வி5, ஓட்டியவர் அந்த யூனிட்டின் தலைவரே, நல்ல அனுபவசாலி. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, திசை உணர்வு தப்பி மலையில் மோதியது என்று விசாரணை சொன்னது. குற்றாலத்திலோ மாஞ்சோலையிலோ சாரல் நேரத்தில் மலையைப் பார்த்திருந்தால் உங்களுக்கே புரியும், இப்போது தெரிந்த முகடு அடுத்த நிமிஷம் இருக்காது. மேகத்துக்குள் போனால் காதுக்குள் இருக்கிற சமநிலை உணர்வு பொய் சொல்லும், சாய்ந்து போகும்போது நேராகப் போகிற மாதிரித் தெரியும். சமவெளியில் என்றால் கருவிகளைப் பார்த்து மேலே ஏறிவிடலாம், மலைப் பள்ளத்தாக்கில் அதற்கு நேரமே கிடைக்காமல் போகலாம்.

அதனால் இந்தத் தொழிலில் நான் மிகவும் மதித்தவர்கள், திரும்பி வரத் தெரிந்தவர்கள். மேலே ஒரு நோயாளி காத்திருக்கிறான் என்று தெரிந்தும் பள்ளத்தாக்கின் வாயில் மேகம் இறங்கிவிட்டதைப் பார்த்து, திருப்பிக்கொண்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்த பைலட்களைப் பார்த்திருக்கிறேன். மேகம் விலகியதும் யாரும் கூப்பிடாமலே எழுந்து போய் ஏறுவார்கள். அந்த முடிவுக்கு எந்தப் பட்டியலிலும் பதக்கம் இல்லை, ஆனால் யூனிட்டில் எல்லோருக்கும் தெரியும் யார் அப்படிப்பட்டவர் என்று, அவரோடு போகத்தான் எல்லோரும் விரும்புவார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருந்தால் என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம், யுபிஎஸ்சி வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது, வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. 2022 முதல் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள். புனே பக்கம் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், அப்புறம் ஹைதராபாத் பக்கம் துண்டிகல் அகாடமி. முதலில் எல்லோரும் பிலாட்டஸ் என்ற சின்னப் பயிற்சி விமானத்தில்தான் பறப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள், உங்கள் மதிப்பெண், விருப்பம், படையின் தேவை மூன்றையும் பார்த்து. அதனால் மாமாவோடு இப்போதே சண்டை போட வேண்டாம், அந்த முடிவு வர இன்னும் பல வருஷம் இருக்கிறது. ஹெலிகாப்டர் கிடைத்தால் ஹக்கிம்பேட்டையில் சேத்தக் ஹெலிகாப்டரில் பயிற்சி. என்டிஏ கிடைக்காவிட்டால் டிகிரி முடித்து ஏஎஃப்கேட் (விமானப்படை நடத்தும் தேர்வு) அல்லது சிடிஎஸ் (யுபிஎஸ்சி முப்படைக்கும் நடத்தும் தேர்வு) வழியாக வரலாம்.

விமானப்படை மட்டும்தான் என்று இல்லை. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில், ஐஎன்எஸ் ராஜாளியில் இருக்கிறது. ராணுவத்துக்கென்று தனியாக 1986-ல் தொடங்கிய ஆர்மி ஏவியேஷன் பிரிவு இருக்கிறது, பயிற்சி நாசிக்கில்.

பைலட் தேர்வுக்குக் கணினியில் ஒரு சோதனை வைப்பார்கள், சிபிஎஸ்எஸ் என்று பெயர், கை, கால், கண் மூன்றும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அதை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும், தவறினால் பைலட் வழி அடைபட்டுவிடும். அதனால் சும்மா எழுதிப் பார்ப்போம் என்று போகாதீர்கள், தயாரான பிறகு போங்கள். உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் வேண்டும், கால் நீளத்தையும் உட்கார்ந்த உயரத்தையும் தனியாக அளப்பார்கள். கண்ணாடி போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடுகிறவர் என்றால், நண்பர்கள் சொன்னார்கள் என்று இப்போதே லேசர் சிகிச்சைக்குப் போய்விடாதீர்கள். இருபது வயதுக்கு முன் செய்ததை விமானப்படை ஏற்பதில்லை. முதலில் ஒரு நல்ல கண் டாக்டரிடம் பவர் என்ன என்று எழுதி வாங்கி, அந்த வருஷத்து அறிவிப்பில் இருக்கும் மருத்துவ விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.